ஓடைக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது!

முதலில் ஒரு ரகசியம். காதைக் கொடுங்கள்.

சியோல் நகரின் நட்டநடுவே சலசலத்து ஓடும் சொங்கெச்சொன் ஓடையின் கரையில் ஸ்கெட்ச் புத்தகத்தை விரித்து, "ஆஹா, இயற்கை!" என்று தூரிகையை நனைக்கிறார்களே, அவர்கள் காலடியில் ஓடும் தண்ணீருக்கு சுவிட்ச் இருக்கிறது. நிஜமாகவே! ஹான் ஆற்றில் எடுத்த தண்ணீரைச் சுத்தப்படுத்தி, நிலத்தடிக் குழாய் வழியாகப் பம்புகள் மேற்கே தள்ளுகின்றன. சுரங்க ரயில் நிலையங்களில் ஊறிவரும் நிலத்தடி நீரும் அதோடு கூட்டுச் சேர்கிறது, மொத்தம் நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன் என்பது திட்டக் கணக்கு. அதில் பெரும்பகுதி ஓடை தொடங்கும் சதுக்கத்தில் அருவியாகக் குதித்து, சராசரி 40 சென்டிமீட்டர் ஆழத்தில் நகர்வலம் வந்து, கடைசியில் புறப்பட்ட ஹான் ஆற்றுக்கே திரும்பிப் போகிறது.

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏமாற்றமே வரவில்லை. கூத்துப் பார்க்கப் போன இடத்தில் ஒப்பனைக் கொட்டகைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தால் யாராவது கோபித்துக்கொள்வார்களா? வாருங்கள், உள்ளே போவோம். வண்ணப்பெட்டி, மடக்கு நாற்காலி, இரண்டு தண்ணீர்ப் புட்டி, நான்கு கிளிப், ஒரு பழைய துணி. இவ்வளவு போதும். தொப்பி மறக்காதீர்கள்.

போகிற வழியிலேயே முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் தேஜொங் ஆட்களை இறக்கி வெட்டி அகலப்படுத்திய ஓடை இது. தலைநகரின் மழைநீர் வடிகாலும் இதுதான், சாக்கடையும் இதுதான், பெண்கள் துணி துவைத்த துறையும் இதுதான். கொரியப் போருக்குப் பிறகு அகதிகள் கரையோரம் பலகைக் குடிசைகள் போட்டார்கள், நாற்றம் தாங்கவில்லை. 1958இல் ஓடையின் தலைமேல் கான்கிரீட் மூடி போடும் பெரிய வேலை தொடங்கியது. மூடியின் மேல் சாலை. அது போதாதென்று சாலையின் மேல் 5.6 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம். நாள்தோறும் ஒன்றரை லட்சம் வண்டிகளுக்கு மேல் அந்த இடத்தைக் கடந்தன. கீழே ஓர் ஓடை இருட்டில் ஊர்ந்துகொண்டிருந்ததை ஒரு தலைமுறையே மறந்துபோயிற்று. பிறகு மேம்பாலம் கிழடு தட்டியது. பழுதுபார்க்க ஆகும் செலவைக் கணக்கிட்டவர்களுக்குத் தலைசுற்றியது. மேயர் லீ மியூங்-பாக் காலத்தில், 2003 ஜூலை 1 அன்று இடிக்கத் தொடங்கினார்கள். 2005 அக்டோபர் 1 அன்று ஓடை திறந்துவிடப்பட்டது. 5.8 கிலோமீட்டர், 22 பாலங்கள், இரண்டே கால் ஆண்டு! ஒரு மேம்பாலத்துக்கு அடிக்கல் நாட்டவே இதைவிட அதிக நாள் எடுக்கும் ஊர்களை நமக்குத் தெரியும். சரி, அதை விடுங்கள்.

படி இறங்கியாயிற்று. தெரு மட்டத்திலிருந்து சில மீட்டர் பள்ளத்தில் நிற்கிறீர்கள். ஹார்ன் சத்தம் தலைக்கு மேலே எங்கோ போய்விட்டது. வெயில் காலமென்றால் உடம்பே வித்தியாசத்தைச் சொல்லும். பக்கத்துச் சாலைகளைவிட ஓடைக்கரையில் வெப்பம் 3.3 முதல் 5.9 டிகிரி செல்சியஸ் வரை குறைவு என்று அளந்து வைத்திருக்கிறார்கள்.

எங்கே உட்காருவது? ஓவியர்களின் முதல் சண்டையே இதில்தான். ஓடை மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. சூரியன் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து போகிற நாடு இது. ஆகவே வடகரைச் சுவரில் வெயில் விழும். தென்கரையில், குறிப்பாகக் குளிர்காலத்தில், நிழல் தங்கும். பழகியவர்கள் நேரே தென்கரைக்குப் போய் சுவரையொட்டி உட்கார்ந்துவிடுவார்கள். எதிரே வெளிச்சத்தில் குளிக்கும் சுவர், மடியில் நிழலில் இருக்கும் காகிதம். வெள்ளைக் காகிதத்தின் மீது நேர் வெயில் பட்டால் கண் கூசி, எல்லா வண்ணமும் வெளிறித் தெரியும். "இன்னும் கொஞ்சம் அழுத்தம் வேண்டும்" என்று அடர்த்தியாகப் பூசித் தள்ளுவீர்கள். வீட்டுக்குப் போய் விளக்கடியில் பார்த்தால் மத்தியானக் காட்சி அமாவாசையாகியிருக்கும்.

அடுத்து, தண்ணீரை எப்படி வரைவது? இங்கே ஒரு நல்ல வித்தை இருக்கிறது, பம்புகளின் உபயம். தண்ணீர் முழங்காலளவுகூட இல்லை, தெளிவாகவும் இருக்கிறது. காலடியில் குனிந்து பாருங்கள்: அடியிலிருக்கும் கற்களும் மீனும் தெரிகின்றன. தலையைத் தூக்கி இருபது அடி தள்ளிப் பாருங்கள்: கல்லைக் காணோம், வானமும் கண்ணாடிக் கட்டடங்களும் தலைகீழாக மிதக்கின்றன. ஒரே ஓடை, இரண்டு வேறு ஓவியம்! நேர்மேலே இருந்து பார்த்தால் தண்ணீர் வெளிச்சத்தை உள்ளே விடும். சாய்வாகப் பார்க்கப் பார்க்கக் கண்ணாடியாகிவிடும். படத்தின் கீழ்ப்பகுதிக்குக் காவியும் பாசிப்பச்சையும், மேற்பகுதிக்கு வானத்து நீலமும் சாம்பலும். நடுவில் இரண்டும் சேரும் இடத்தைத் தொடாமல் ஈரத்தோடு ஈரமாக அவையே கலந்துகொள்ள விட்டுவிட வேண்டும். அங்கே கை வைத்தால் கெட்டது. நீலத்தை மட்டும் அப்பி "ஓடை" என்று பெயர் சூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். அவர்கள் தூரிகையைப் பிடுங்கிவிடலாமா என்றிருக்கும்.

ஒரு நிமிடம், தூரிகை கழுவிய தண்ணீரை எங்கே கொட்டப் போகிறீர்கள்? ஓடையில் இல்லை! கோபால்ட், காட்மியம் என்று வண்ணங்களில் உலோகங்கள் இருக்கின்றன. அதற்காகத்தான் இரண்டு புட்டி: ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் அழுக்குத் தண்ணீர். அழுக்கை வீட்டுக்கே தூக்கிப் போக வேண்டும். மறுசீரமைப்புக்கு முன் இங்கே நான்கு வகை மீன்களும் ஆறு வகைப் பறவைகளும்தான் இருந்தன. சில ஆண்டுகளில் கணக்கெடுத்தபோது மீன்கள் 25 வகை, பறவைகள் 36 வகை. அவ்வளவு பேர் குடிவந்திருக்கும் இடத்தில் நாம் விருந்தாளிகள். குளிர்காலத்துக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. சியோலில் ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிவரை போகும். தட்டிலிருக்கும் வண்ணம் பனிக்கட்டிப் பூவாகிவிடும். குளிர்நாட்டு ஓவியர்கள் தண்ணீரில் கொஞ்சம் வோட்கா கலப்பது பழைய வழக்கம். இங்கே பெட்டிக்கடை தோறும் சோஜூ என்கிற மது கிடைக்கிறது. தூரிகைக்குத்தான் என்று கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், முகத்தைப் பார்த்துவிட்டு நம்பினாலும் நம்புவார்.

சரி, எழுந்திருங்கள். தொடக்கத்திலேயே ஒரு பாலம் இருக்கிறது, அதன் அடியில்தான் நமக்கு வேலை.

குவாங்தோங்யோ பாலம். 1410இல் கல்லால் கட்டியது. மேலே நடந்து போகிறவர்களுக்கு அது வெறும் அகலமான கல்பாலம். அடியில் இறங்கிப் பாருங்கள்: தாங்குசுவர்க் கற்களில் மேகச் சுருள்கள், தெய்வ உருவங்கள், அற்புதமான செதுக்கு வேலை. அதில் சில தலைகீழாக நிற்கின்றன! கொத்தனார் கவனக்குறைவா? கதை அதைவிடச் சுவையானது. மன்னர் தேஜொங்குக்கு மாற்றாந்தாய் ராணி சின்தொக். அவள் மகன்தான் பட்டத்து இளவரசன் என்று தந்தை அறிவித்துவிட, தேஜொங் 1398இல் தம்பிகளைக் கொன்று அரியணைக்கு வழி செய்துகொண்டவர். ராணி அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தாலும் கோபம் ஆறவில்லை. இங்கே முன்பு இருந்த மண்பாலம் வெள்ளத்தில் போனதும், அவள் கல்லறைக் கற்களைப் பிடுங்கிவந்து ஊரார் கால் மிதிக்கும் பாலத்துக்குப் போட்டார். அந்தக் கற்கள் கான்கிரீட் மூடிக்கு அடியில் பல்லாண்டு கிடந்தன. இப்போது பழைய இடத்திலிருந்து சற்று மேலோட்டப் பக்கமாகத் தள்ளிப் பாலத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.

ஓவியர்களுக்கு இது கொண்டாட்டம். வரையும் பாடத்தில் ஒரு பயிற்சி உண்டு: படத்தைத் தலைகீழாக வைத்து வரையச் சொல்வார்கள். இது மூக்கு, இது கண் என்று மூளை முந்திக்கொள்ளாமல், கண் கோட்டை மட்டும் பார்க்கும் என்பது கணக்கு. இங்கே அரச குரோதமே அந்தப் பயிற்சியை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது! பாலத்து நிழலில், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கல்லின் மேல் அலையலையாக ஓட, கவிழ்ந்து கிடக்கும் மேகத்தைக் கவிழ்ந்தபடியே வரைந்து பாருங்கள். சிலர் காகிதத்தைத் திருப்பி வைத்து அதை நேராக்கிவிடுகிறார்கள். ராணியின் கட்சிக்காரர்கள் போலும். தூண்களையும் விட்டுவிடாதீர்கள். 1760இல் மன்னர் யொங்ஜோ பெரிய அளவில் ஓடையைத் தூர்வார வைத்தபோது, இதுவரை தோண்ட வேண்டும் என்று அடையாள எழுத்து வெட்டிவைத்தார்கள். பென்சில் கோடு போலக் கல்லில் ஒரு வேலைக் குறிப்பு. பின்னால் வந்த தூர்வாரல்காரர்களும் அதையொட்டித் தங்கள் ஆண்டைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தத் தூர்வாரலை மன்னர் மதகின்மேல் வந்திருந்து பார்த்த காட்சி அரண்மனை ஓவியர்களின் கையால் படமாகவும் இருக்கிறது. ஓடையில் வேலையாட்கள், மேலே அதிகாரிகள், விதானம். மன்னரைத் தேடினால் கிடைக்க மாட்டார். இப்படிப்பட்ட படங்களில் அரசரின் உருவத்தை வரைவதில்லை; இருக்கையை மட்டும் வரைந்துவிட்டு மரியாதையாக நகர்ந்துவிடுவார்கள்.

இந்த விளையாட்டை ஓடைக்கரையிலேயே ஆடலாம். கொஞ்ச தூரம் கிழக்கே நடந்தால் வடகரைச் சுவர் முழுக்க ஓர் ஊர்வலம் வரும். 5,120 பீங்கான் ஓடுகள், 2.4 மீட்டர் உயரம், 192 மீட்டர் நீளம். 1795இல் மன்னர் ஜொங்ஜோ தன் தாயின் அறுபதாம் பிறந்தநாளுக்காக ஹ்வாசொங் நகருக்குப் போன பவனி. 1,779 மனிதர்கள், 779 குதிரைகள். மன்னர் எங்கே? தேடுங்கள், தேடுங்கள்! குடை இருக்கிறது, குதிரை இருக்கிறது, சேணத்தில் ஆளில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து இந்தக் கேள்வியைக் கேட்டால் அரைமணி நேரம் நிம்மதி.

ஆனால் என்னைத் துள்ள வைத்தது வேறு. ஊர்வலம் நடந்து முடிந்த பிறகு நினைவுக்காக வரைந்த படம் என்றுதானே நினைத்தீர்கள்? இவ்வகை ஊர்வலப் படங்களை முன்கூட்டியே வரைந்துவிடுவார்கள். யார் யாருக்குப் பின்னால், எந்தக் கொடி எந்த வரிசையில், எத்தனை குதிரை அகலம் என்பதையெல்லாம் காகிதத்தில் ஒத்திகை பார்த்த பிறகுதான் ஆட்கள் தெருவில் இறங்குவார்கள். பெரிய ஓவியர் கிம் ஹொங்தோ மேற்பார்வை. அதாவது நிஜத்தைப் பார்த்துப் படம் எழுதவில்லை, படத்தைப் பார்த்து நிஜம் அணிவகுத்திருக்கிறது! இந்தச் செய்தியை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

அடடா, மேகம் கூடுகிறதே. பொட்டலம் கட்டுங்கள், சீக்கிரம்!

பயமுறுத்தவில்லை. சுவரை உற்றுப் பாருங்கள். கல் பதித்த அழகுச் சுவரில் வரிசையாகக் கதவுகள் தெரிகின்றனவா? அவை மதகுகள். சியோலின் பழைய பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே கால்வாயில்தான் போகின்றன. சாரலுக்குத் தாங்கும், கொட்டினால் தாங்காது. அப்போது கதவுகள் தானாகத் திறந்து உபரித் தண்ணீரை ஓடையில் விடும். முழங்காலுக்குக் கீழே தவழ்ந்த தண்ணீர் கிடுகிடுவென்று ஏறும். அதனால்தான் மழை பிடித்த உடனே ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும், படிகளை அடைப்பார்கள், எல்லோரும் மேலே போய்விட வேண்டும். நீர்வண்ணம் காயவில்லை என்று வாதாட முடியாது. அழகான பூங்கா என்று நாம் நினைக்கும் இந்த ஓடை, உள்ளுக்குள் வெள்ளவடிகால் வேலையையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. மழையில் நனைந்த படத்தில் துளிகள் விழுந்த தடம் பூப்பூவாக இருக்கும். அதைத் திருத்தாமல் அப்படியே சட்டம் போடுகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

மழை விட்டால் கிழக்கே இன்னும் போகலாம். போகப்போகச் சுவரும் கண்ணாடியும் குறைந்து நாணலும் வில்லோ மரமும் கூடும். வெண்கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்று ஓவியருக்கென்றே கூலி வாங்கியது போல அசையாமலிருக்கும். நீங்கள் அலகை வரைய ஆரம்பித்த கணமே பறந்துவிடும். நடுவில் இருபதாயிரம் குடிமக்கள் ஆளுக்கொரு சின்ன ஓட்டில் தங்கள் ஆசையை வரைந்து பதித்த சுவர் இருக்கிறது. கோணல்மாணலான வீடுகள், பூக்கள், முகங்கள். தேர்ந்த ஓவியர்கள் அதன் முன்னால் கொஞ்சம் பொறாமையோடு நிற்பார்கள்.

அதைத் தாண்டி, ஓடையின் நடுவே மூன்று கான்கிரீட் தூண்கள் மொட்டையாக நிற்கின்றன. பழைய மேம்பாலத்தின் மிச்சம். எல்லாவற்றையும் இடித்தவர்கள் இந்த மூன்றை மட்டும் நினைவுக்காக விட்டுவைத்தார்கள். எனக்கு இந்த ஓடையில் மிகப் பிடித்த காட்சி இதுதான். முனையில் கம்பி துருத்திக்கொண்டு, சுற்றிலும் பச்சை. சாம்பல் நிறத்தைக் கறுப்பும் வெள்ளையும் கலந்து தயாரிக்காதீர்கள், செத்துப்போகும். நீலத்தோடு செங்காவியைச் சேர்த்தால் வெயில் பட்ட பக்கம் சூடாகவும் நிழல் பக்கம் குளிர்ச்சியாகவும் கான்கிரீட்டுக்கு உயிர் வரும்.

இந்த ஓடையைப் பழைய காலத்தில் எழுத்தால் வரைந்தவர் பாக் தேவொன். இதன் கரையில் வாழ்ந்தவர்களை வைத்து 1936இல் அவர் எழுதத் தொடங்கிய நாவலின் தலைப்பே ஓடைக்கரைக் காட்சிகள் என்கிற பொருளில்தான் வரும். துவைதுறைப் பெண்களின் பேச்சோடு அது ஆரம்பிக்கும். 'பாரசைட்' திரைப்படத்தை எடுத்த போங் ஜூன்-ஹோ அவருடைய மகள்வழிப் பேரன் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாதவர்களுக்காகச் சொன்னேன். மேலே போவோம்.

மேலே என்றால், மேலேதான். ஏனென்றால் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. பம்பு கொண்டுவரும் தண்ணீர் சரி, ஓடையின் சொந்தத் தண்ணீர் எங்கே போயிற்று?

திறப்புவிழாவின் வாணவேடிக்கைக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. கொரியாவின் பெரிய நாவலாசிரியை பாக் கியொங்னி முதலில் ஓடையை மீட்கும் யோசனையை ஆதரித்தவர். வேலை நடந்த விதத்தைப் பார்த்து 2004இல் நாளிதழிலேயே கடுமையாக எழுதினார். இது மீட்பில்லை, நீளமான நீரூற்று என்று சொல்கிற சூழலியலாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நகரத்தின் வடமேற்கு மலைகளிலிருந்து இறங்கும் கிளை ஓடைகள் பலவும் இன்னும் சாலைக்கு அடியில்தான் இருக்கின்றன.

அந்தத் தண்ணீரை நேரில் பார்க்க ஒரு பச்சை மினிபஸ் போதும். ஜொங்னோ 09. நகர நடுவிலிருந்து ஏறினால், சந்துசந்தாக நுழைந்து, தோங்கின் சந்தையைத் தாண்டி, ஓவியர் பாக் நோசூ வாழ்ந்த வீட்டு அருங்காட்சியகத்தையும் தாண்டி, இனி வழியில்லை என்கிற இடத்தில் இறக்கிவிடும். எதிரே திடீரென்று இன்வாங் மலை! வெளிறிய கருங்கல் மொட்டைப் பாறை, கீழே பைன் மரங்கள், நடுவில் பிளந்துவரும் ஓடைப்பள்ளம். சுசொங்தோங் பள்ளத்தாக்கு. சொங்கெச்சொன்னின் ஊற்றுக்கண்களில் ஒன்று.

இப்போது பையிலிருந்து அந்தச் செய்தியை எடுங்கள்.

1971இல் இந்தப் பள்ளத்தாக்கை அடைத்து ஒன்பது கட்டடங்கள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டினார்கள். நாற்பதாண்டு கழித்து அது இடிக்க வேண்டிய நிலைக்கு வந்தது. இடித்த பிறகு என்ன செய்வது? பள்ளத்தாக்கின் பழைய கோலத்தை எங்கே போய்த் தேடுவது? நல்லவேளையாக ஒருவர் வரைந்து வைத்திருந்தார். ஜொங் சொன், புனைபெயர் கியொம்ஜே, 1676இல் பிறந்து 1759இல் இறந்தவர். சீன ஓவிய ஏடுகளைப் பார்த்துக் கற்பனை மலைகளை வரைந்துகொண்டிருந்த காலத்தில், கண்ணால் பார்த்த கொரிய மலைகளை வரைந்து புதுப் பாதை போட்டவர். ஐம்பது வயதுக்கு மேல் இந்த மலையடிவாரத்திலேயே குடியிருந்தார். அக்கம்பக்கத்து அழகான இடங்களை எட்டுக் காட்சிகளாக வரைந்த தொகுப்பில் இந்தப் பள்ளத்தாக்கும் உண்டு. காகிதம் இரண்டு சாண் அகலம்கூட இல்லை. பாறைகள், இடையே ஓடை, ஓடையின் மேல் நீளக் கற்பலகைகளால் ஒரு பாலம், அதைக் கடந்து வரும் மூன்று படிப்பாளிகள், ஒரு வேலைக்காரச் சிறுவன்.

அந்தப் பாலம் அங்கேயே இருந்தது! குடியிருப்பின் ஓரத்தில், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், கிரின் பாலம் பல்லாண்டு நின்றுகொண்டிருந்தது. படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆமாம் இதுதான் என்று உறுதிசெய்தார்கள். 2010இல் பள்ளத்தாக்கு நகரின் நினைவுச்சின்னமானது. கட்டடங்களை எடுத்துவிட்டு, அந்தச் சின்ன ஓவியத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு பாறைகளை வெளிக்கொண்டுவந்து, பைன் நட்டு, 2012இல் திறந்துவிட்டார்கள். 250 ஆண்டுகளுக்கு முந்தைய மை ஓவியம் ஒரு பொறியாளர் வரைபடத்தின் வேலையைச் செய்திருக்கிறது. கீழே ஊர்வலத்துக்கு நடந்ததுதான் இங்கே மலைக்கும் நடந்தது: படம் முதலில், நிஜம் பிறகு.

ஆகவே இங்கே உட்கார்ந்து வரைகிறவர், ஓவியத்தைப் பார்த்துச் செய்த நிலத்தைப் பார்த்து ஓவியம் செய்கிறார். இதை யோசித்தால் எனக்குக் கிறுகிறுக்கிறது. சந்தோஷமான கிறுகிறுப்பு.

தண்ணீர் இருக்கிறதா? அதுதான் வேடிக்கை. இங்கே சுவிட்ச் கிடையாது. மழையில்லாத நாட்களில் பாறையிடுக்கில் கசிவு மட்டும். சில நாள் அதுவும் இல்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வந்தால் பள்ளத்தாக்கு முழுக்க இரைச்சல். கீழே மழை வந்தால் ஓவியர்கள் ஓட்டம் பிடிக்கிறார்கள், இங்கே மழை வந்தால்தான் ஓடி வருகிறார்கள். ஜொங் சொன்னுக்கும் அது தெரிந்திருந்தது. 1751இல், எழுபத்தைந்து வயதில், மழை ஓய்ந்த இன்வாங் மலையை ஒரு மீட்டருக்கு மேல் அகலமான தாளில் வரைந்தார். மழைக்குப் பின் மட்டும் தோன்றும் அருவிகள் பாறையில் இறங்குகின்றன, பள்ளங்களில் மேகம் படுத்திருக்கிறது. இப்போது அது கொரிய தேசியப் புதையல்களில் ஒன்று; சாம்சங் குடும்பத்துச் சேகரிப்பிலிருந்து 2021இல் நாட்டுக்கு நன்கொடையாக வந்தது.

அதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. நிமிர்ந்து மலையைப் பாருங்கள்: பாறை வெளுப்பு. அவர் படத்தில் பாறை கன்னங்கரேல். மைத்தூரிகையை மறுபடி மறுபடி இழுத்து, அடுக்கடுக்காகக் கறுப்பேற்றி, ஈரக் கல்லின் கனத்தைக் காகிதத்தில் இறக்கிவிட்டார். கண்ணால் பார்த்ததை வரைந்தவர் என்று புகழ் பெற்றவர், நிறத்தையே தலைகீழாக்கியிருக்கிறார்! ஆனாலும் பார்த்தவுடன் இன்வாங் மலை என்று எந்த சியோல்காரரும் சொல்லிவிடுவார். ஆகவே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் படத்தின் அச்சுப்பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே கோணம் கிடைக்கிறதா என்று பாறை பாறையாக ஏறி இறங்காதீர்கள். தனக்கு வேண்டியபடி மலையைத் தூக்கிவைத்தவர் அவர். அவர் நின்ற இடம் தரையில் அகப்படாது.

இந்த இடத்தின் ஓவியக் கிறுக்கு இன்னும் பழையது. 15ஆம் நூற்றாண்டில் இளவரசர் அன்பியொங்கின் மாளிகை இங்கேதான் இருந்தது என்று பழைய நூல்கள் சொல்கின்றன. அவர் ஒரு நாள் கனவில் பீச்சுப்பூத் தோட்டத்தைக் கண்டார். விழித்ததும் ஓவியர் ஆன் கியொனிடம் கனவைச் சொன்னார். 1447இல், மூன்றே நாளில், படம் தயார். பார்க்காத நிலத்தைக் கேட்டே வரைந்த அந்த ஓவியம் இன்று ஜப்பானில் தென்ரி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

இனி உங்கள் முறை. காகிதத்தைக் கிளிப் போட்டு இறுக்குங்கள், மலைக்காற்று பொல்லாதது. குழாயில் அடைத்த வண்ணத்தைப் பிதுக்கும்போது 1841இல் தகரக் குழாயைக் கண்டுபிடித்த அமெரிக்க ஓவியர் ஜான் ராண்டுக்கு ஒரு நன்றி. அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பாறைக்கு அகலத் தூரிகை, பைனுக்கு வறண்ட தூரிகை. கிரின் பாலத்தைக் கடைசிக்கு வைக்காதீர்கள்; முதலில் அதன் இடத்தைக் குறித்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். இடிக்கும்போது நினைவுக்காக விட்டுவைத்த குடியிருப்புச் சுவர்த்துண்டு ஒன்று ஓரத்தில் இருக்கிறது. அதைச் சேர்ப்பதா விடுவதா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார். சேருங்கள். ஜொங் சொன்னின் படிப்பாளிகளுக்குப் பதிலாக நம் படத்தில் நியான் பச்சைச் சட்டையும் ஊன்றுகோலுமாக மலையேறும் பாட்டிமார் வரட்டும், செல்லப்பிராணியைத் தூக்கிக்கொண்டு போகும் இளைஞர் வரட்டும், பஸ்ஸும் வரட்டும். அந்தப் பஸ் நிறுத்தத்துக்கு அடியில்தான் நீங்கள் வரைந்த தண்ணீர் கால்வாய்க்குள் இறங்கி மறைகிறது.

எதற்கு இத்தனை கெடுபிடி என்கிறீர்களா? இங்கே நடந்த கதையைப் பார்த்தீர்களே! இன்னும் 250 ஆண்டு கழித்து யாராவது இதன்மேல் எதையாவது கட்டி, பிறகு இடித்து, "இந்த இடம் முன்பு எப்படி இருந்தது?" என்று தலையைச் சொறியும்போது கையில் சிக்குவது உங்கள் ஸ்கெட்ச் புத்தகமாக இருந்தால்? பாலத்தின் இரண்டாவது கற்பலகையைக் காணோமே, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள். போட்டு முடித்ததும் சொல்லுங்கள், தோங்கின் சந்தையில் எண்ணெயில் வதக்கிய தொக்பொக்கி ஆறிவிடுவதற்குள் போக வேண்டும்.